பின்பால் ஆட்டமும் பங்குப் பத்திரமும்

போன வருடம் எங்கள் அலுவலகத்தில் 'புதுமை வாரம்' கொண்டாடினார்கள். பலூன், கேக், ஹாக்கத்தான், கழுத்தில் மாட்டிக்கொள்ள புது அட்டை. கடைசி நாளில் டீம் லீடுகள் எல்லோருக்கும் மேலாளர் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். ட்ரேஸி கிடர் எழுதிய 'த சோல் ஆஃப் எ நியூ மெஷின்'. "ஸ்டார்ட்அப்புக்குப் போகாமலே ஸ்டார்ட்அப் மாதிரி வேலை செய்யலாம்ங்கறதுக்கு இதுதான் ஆதாரம். படிச்சுட்டு உங்க பசங்களுக்கும் குடுங்க" என்றார்.

இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஒரு வார இறுதியில் கீழே வைக்க முடியாமல் படித்தேன். இரண்டாம் முறை பென்சிலோடு படித்தேன். மேலாளர் சொன்ன புத்தகமும் நான் படித்த புத்தகமும் ஒன்றுதானா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. நிறுவனத்துக்குள் தொழில்முனைவு என்ற பேச்சு இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. கார்ப்பரேட் பயிற்சி வகுப்பிலும் கேட்கிறது, பொறியியல் கல்லூரி ஆண்டு விழாவிலும் கேட்கிறது. அந்தப் பேச்சுக்கு வேதநூல் போலக் காட்டப்படும் இந்தப் புத்தகத்துக்குள்ளேயே அதற்கான மறுப்பும் இருக்கிறது என்பது என் வாசிப்பு. கிடர் அதைப் பார்த்திருக்கிறார். ஆனால் பார்த்த இடத்தில் நிற்கவில்லை.

புத்தகம் 1981இல் வந்தது, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. கதை எளிமையானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வெஸ்ட்பரோவில் டேட்டா ஜெனரல் என்ற மினிகம்ப்யூட்டர் நிறுவனம். போட்டியாளரான டிஜிட்டல் ஈக்விப்மெண்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1977இல் வாக்ஸ் என்ற 32 பிட் கணினியைக் கொண்டுவந்துவிட்டது. டேட்டா ஜெனரலிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் கண்டுபிடிக்கும் அதிகாரபூர்வமான வேலை வட கரோலினாவில் இருந்த இன்னொரு குழுவுக்குத் தரப்பட்டது. அந்தத் திட்டத்தின் பெயர் ஃபவுண்டன்ஹெட். ஆட்கள், பணம், தலைமையின் ஆசி எல்லாம் அந்தப் பக்கம்.

வெஸ்ட்பரோவில் மிச்சமிருந்தவர்களில் ஒருவர் டாம் வெஸ்ட். அதிகம் பேசாத, யாருக்கும் சுலபத்தில் பிடிபடாத ஆள். பழைய எக்லிப்ஸ் கணினியைச் சற்று நீட்டுகிறோம், அவ்வளவுதான், ஃபவுண்டன்ஹெட் தாமதமானால் ஒரு காப்பீடு மாதிரி இருக்கும் என்று மேலிடத்தில் சொல்லி அனுமதி வாங்குகிறார். உள்ளே நடந்தது வேறு. கல்லூரி முடித்த இளைஞர்களை வைத்து, முழு 32 பிட் கணினி ஒன்றை ஒன்றரை ஆண்டு போலப் பகலிரவாகக் கட்டினார்கள். உள்ளே அதன் பெயர் ஈகிள். 1980 ஏப்ரலில் எக்லிப்ஸ் எம்.வி./8000 என்ற பெயரில் வெளிவந்தது. ஃபவுண்டன்ஹெட் கடைசிவரை சந்தைக்கு வரவேயில்லை.

மென்பொருள்காரர்கள் பலருக்கும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வெஸ்ட், தெரிந்தவர் ஒருவர் உதவியால், ஓரிடத்தில் நிறுவப்பட்டிருந்த வாக்ஸ் கணினியைத் திறந்து பார்க்கிறார். போர்டுகளை ஒவ்வொன்றாக உருவி எண்ணுகிறார். அந்தச் சுற்றுகளின் அமைப்பில் டெக் நிறுவனத்தின் அலுவலக அடுக்குகளே தெரிவதாக அவருக்குத் தோன்றுகிறது: எச்சரிக்கையான, எல்லாத் துறையையும் கலந்தாலோசித்துச் செய்யப்பட்ட இயந்திரம். ஓர் அமைப்பு உருவாக்கும் பொருளில் அந்த அமைப்பின் பேச்சுவழிகளே பதிந்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மென்பொருளில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மாட்யூல்கள் ஏன் இருக்கின்றன என்று கேட்டேன். "ரெண்டு மேனேஜர் இருந்தாங்க, அதான்" என்று பதில் வந்தது. கான்வேயை அன்றைக்கே புரிந்துகொண்டுவிட்டேன்.

சரி, இந்தக் கதையிலிருந்து நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட பாடம் என்ன? கிஃபோர்ட் பின்ஷோ 1985இல் 'இன்ட்ராப்ரனரிங்' என்ற புத்தகத்தை எழுதினார். நிறுவனத்துக்குள்ளிருந்தே தொழில்முனைபவர் என்ற பொருளில் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் நிலைத்துவிட்டது. உள்முனைவோர் என்று சொல்லிக்கொள்வோம். உள்முனைவோருக்கான அவருடைய கட்டளைகளில் முதலாவது, ஒவ்வொரு நாளும் வேலை போனாலும் பரவாயில்லை என்ற மனதோடு அலுவலகத்துக்கு வர வேண்டும் என்பது. இதைப் பின்ஷோ நேர்மையாகவே சொன்னார். பிறகு வந்த பயிற்சி வகுப்புகளில் இந்தக் கட்டளை மெல்லக் காணாமல்போய், 'ஆர்வம்', 'உரிமையுணர்வு' என்ற சொற்கள் மட்டும் மிஞ்சின. வேலை போகும் அபாயத்தைப் பற்றிப் பேசினால் அடுத்த கேள்வி 'அபாயம் எனக்கென்றால், லாபம் யாருக்கு?' என்று வரும் அல்லவா?

கிடரின் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு வெஸ்ட் குழு தரும் பதில் பின்பால் உவமை. பின்பாலில் ஜெயித்தால் கிடைக்கும் பரிசு இன்னொரு ஆட்டம். இந்தக் கணினியைக் கட்டி ஜெயித்தால், அடுத்த கணினியைக் கட்ட விடுவார்கள். இதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. அவர்கள் மொழியில் அதற்கு 'கையெழுத்துப் போடுவது' என்று பெயர். புதிதாகச் சேர வருபவரிடம் கார்ல் ஆல்சிங் போன்றவர்கள் வேலையின் கஷ்டத்தை மறைக்காமல் சொல்வார்கள். நேரம் காலம் இருக்காது, கெட்டிக்காரர்கள் நடுவே திணறுவாய், வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு. இதைக் கேட்டதும் இருபத்திரண்டு வயதுப் பையன் எப்படி வேண்டாம் என்பான்? வற்புறுத்தினால் மறுக்கலாம், சவாலாக நீட்டினால் மறுக்க முடியாது. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஜெயித்தால் நிறுவனத்தில் இவ்வளவு பங்கு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மேலே நடக்கும் அரசியலும் இந்தப் பையன்களுக்குத் தெரியாது. காளானைப் போல இருட்டில் வைத்து வளர்க்கும் முறை என்று குழுவுக்குள்ளேயே அதைக் கிண்டல் செய்தார்கள்.

எங்கள் மேலாளர் இதை ஒரு வழிகாட்டியாகப் படித்தார். நான் படித்ததில் மூன்று விஷயங்கள் அதற்கு நேர் எதிராக நிற்கின்றன.

முதலாவது, டேட்டா ஜெனரல் தலைமை திட்டமிட்டு ஊக்குவித்த புதுமை ஃபவுண்டன்ஹெட்தான். அது தோற்றது. ஜெயித்தது, தலைமைக்கு முழு உண்மையைச் சொல்லாமல் நடந்த வேலை. 'தொழில்முனைவுச் சிந்தனையை வளர்ப்பது எப்படி' என்று இந்தப் புத்தகத்திடம் கேட்டால், அது சங்கடமான பதிலையே தரும்: வளர்க்கப்படாத மூலையில் அது வளர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, நிறுவனர் எட்சன் டி காஸ்ட்ரோ வெஸ்ட்டைத் தடுக்கவுமில்லை. அவர் விதித்த முக்கியமான நிபந்தனை, பழைய கணினிக்கும் புதியதற்கும் இடையே மாற்றிப்போடும் 'மோட் பிட்' இருக்கக்கூடாது என்பது. பழைய மென்பொருள் அப்படியே ஓட வேண்டும். கணினியின் கட்டமைப்பை வடிவமைத்த ஸ்டீவ் வாலக் முதலில் இதைப் பழைய வண்டியில் புது எஞ்சினை ஒட்டவைக்கும் அசிங்கமாகத்தான் பார்த்தார். பிறகு அந்த நெருக்கடிதான் அவரை நல்ல வடிவமைப்புக்குத் தள்ளியது. ஒரு தெளிவான எல்லை, அதற்குள் தலையிடாமை: நிறுவனம் கொடுத்த உண்மையான உதவி இவ்வளவுதான். புதுமை வாரம் எதுவும் அங்கே நடக்கவில்லை.

இரண்டாவது, டேட்டா ஜெனரலின் பிறப்பே ஓர் உள்முனைவுத் தோல்வி. டி காஸ்ட்ரோ முதலில் டெக்கில் இருந்தவர், புகழ்பெற்ற பி.டி.பி.-8 கணினியில் வேலை செய்தவர். அங்கே அடுத்த தலைமுறைக் கணினிக்கு அவர் குழு போட்ட திட்டத்தை டெக் ஏற்கவில்லை. 1968இல் வெளியேறி, சகாக்களோடு டேட்டா ஜெனரலைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, அதே டெக்கை எதிர்கொள்ள, தன் நிறுவனத்துக்குள் ஒருவர் ரகசியமாக வேலை செய்யும் நிலை அவருக்கே வந்தது. வெளியேறிய டி காஸ்ட்ரோ நிறுவனர் ஆனார், பங்குகள் அவரிடம் இருந்தன. உள்ளேயே இருந்த வெஸ்ட் ஊழியராகவே இருந்தார். இருவருடைய துணிச்சலும் ஒரே ஜாதி. கிடைத்தது ஒன்றில்லை.

இந்தச் சங்கிலியை இன்னும் பின்னால் இழுத்தால் பல்கலைக்கழகத்தில் போய் முடியும். டெக்கைத் தொடங்கிய கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் கணினிகளில் வேலை செய்தவர்கள். 1957இல் அங்கே கற்றதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஹார்வர்ட் பேராசிரியர் ஜார்ஜ் டோரியோ நடத்திய முதலீட்டு நிறுவனம் 70,000 டாலர் போட்டது. பல்கலைக்கழகம் அவர்களைக் கட்டிப்போடவில்லை. இதற்கு நேர்மாறாக, 1946இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் நடந்ததைப் பார்க்கலாம். எனியாக் கணினியை உருவாக்கிய எக்கெர்ட்டும் மாக்லியும் இனித் தங்கள் காப்புரிமைகளைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதித்தர வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. இருவரும் அந்த மார்ச் மாதத்தோடு வெளியேறினார்கள். உலகின் மிக முக்கியமான கணினிக் குழு ஒரு படிவத்தால் கலைந்தது. தொழில்முனைவுச் சிந்தனை பற்றி ஒரு பல்கலைக்கழகம் உண்மையில் என்ன நினைக்கிறது என்பது அதன் காப்புரிமைப் படிவத்தில்தான் எழுதியிருக்கும். விழா மேடையில் தேடினால் கிடைக்காது.

நம் பக்கமும் நல்ல உதாரணம் இல்லாமலில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சக பேராசிரியர்களும் நடத்திய டெனெட் குழு, 1990களில் பழைய மாணவர்கள் தொடங்கிய மிடாஸ் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. ஆராய்ச்சிப் பூங்காவின் கட்டடம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த காரியம் இது. எங்கள் கல்லூரியில் வரிசை மாறியிருந்தது. தொழில்முனைவோர் மையத்துக்கு ஓர் அறை, பெயர்ப்பலகை, திறப்பு விழா எல்லாம் இருந்தது. இறுதியாண்டு புராஜக்டைத் தாமே செய்த நான்கு பேர் லேப் சாவியை மாலை ஐந்துக்கு மேல் கேட்டபோது மட்டும் கிடைக்கவில்லை. அந்த நால்வரில் நானும் ஒருவன். கடையில் காசு கொடுத்து புராஜக்ட் வாங்கியவர்களுக்குச் சாவி தேவைப்படவில்லை.

மூன்றாவது விஷயம்தான் கிடர்மீது எனக்குள்ள முக்கியமான விமர்சனம். இவ்வளவு உழைப்பை எதன் பொருட்டு இவர்கள் கொடுத்தார்கள் என்று கிடர் கேட்கிறார். விடை தேடும்போது, கோதிக் தேவாலயங்களைக் கட்டிய கல்தச்சர்களைப் பற்றி ஜான் ரஸ்கின் சொன்னவற்றுக்குப் போகிறார். சுதந்திரமாக, தாமே விரும்பிச் செய்த வேலை. அதில் தெரியும் தனிமனிதக் கைரேகை. அழகான ஒப்பீடு. ஆனால் தேவாலயம் கட்டி முடிந்த பிறகும் அந்த ஊர்க்காரனுக்கு உள்ளே போய் மண்டியிடும் உரிமை இருந்தது. ஈகிள் கட்டி முடிந்ததும் அது டேட்டா ஜெனரலின் சரக்கு. உள்ளே வைத்த பெயர்கூட விற்பனையில் நிற்கவில்லை. உழைப்பின் ஆனந்தத்தைச் சொல்ல வந்த ஒப்பீடு உடைமையின் கேள்வியை மூடிவிடுகிறது. கிடர் மாசக்கணக்கில் அந்த அடித்தளத்தில் அவர்களோடு இருந்து எழுதியவர். அந்த நெருக்கம்தான் புத்தகத்தின் பலம். அந்த நெருக்கம்தான் அவரை, வெஸ்ட்டின் கண்ணால் வெஸ்ட்டைப் பார்க்கவும் வைக்கிறது. புயலில் படகு ஓட்டும் மனிதனாகத்தான் வெஸ்ட் முதல் பக்கங்களில் அறிமுகமாகிறார். அதற்குப் பிறகு அவரைக் கணக்குக் கேட்க வாசகனுக்கு மனம் வருவதில்லை.

நியாயமாகச் சொன்னால், கிடர் ஆதாரங்களை மறைக்கவில்லை. நானோநொடிகளோடு மல்லுக்கட்டி அலுத்து, வேலையை விட்டுவிட்டு வெர்மாண்ட்டின் ஒரு கம்யூனுக்குப் போய்விட்ட பொறியாளர் இதில் வருகிறார். கணினி முடிந்ததும் குழு சத்தமில்லாமல் கலைவதும் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசிப் பக்கம். ஒரு விற்பனை மேலாளர், தன் ஆட்களிடம் மனிதர்களை உந்துவது எது என்று பேசுகிறார். தன்முனைப்பும், குடும்பத்துக்கு வேண்டியதை வாங்கப் பணமும் என்பது அவர் பதில். ஆட்டம் மாறிவிட்டது என்பதை உணர்த்தி கிடர் முடித்துவிடுகிறார். வாசகர்கள் பலரும் அந்த மேலாளரை ஓர் அற்பனாகப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் பார்த்தேன். இரண்டாம் வாசிப்பில், முந்நூறு சொச்சம் பக்கத்தில் பணத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசிய ஆள் அவர்தானோ என்று பட்டது. அந்தக் குரலை முடிவில் வைத்தவர் கிடர். அதை வைத்து மொத்தக் கதையையும் திரும்பிப் பார்க்காமல் விட்டவரும் கிடர்தான்.

எம்.வி./8000 கணினிக்கு நம் ஊரில் ஒரு பின்கதை உண்டு. கிடரின் புத்தகம் வந்த அதே 1981இல், பட்னி கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்திலிருந்து நாராயண மூர்த்தியும் ஆறு பேரும் வெளியேறி இன்ஃபோசிஸைத் தொடங்கினார்கள். இதுவும் டி காஸ்ட்ரோ வழிதான், உள்ளே இருந்து முனையாமல் வெளியேறியவர்கள். இறக்குமதி உரிமத்துக்கு அலைந்து அந்த நிறுவனம் வாங்கிய முதல் கணினி டேட்டா ஜெனரலின் எம்.வி./8000. வெஸ்ட்பரோவின் பையன்கள் தூக்கம் கெட்டுக் கட்டிய இயந்திரம் பெங்களூருவில் ஒரு தொழிலுக்கு முதல் படியானது. 1990களில் இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்குப் பரவலாகப் பங்குகளை வழங்கியபோது இந்தியாவில் அது புதிய வழக்கம். அதனால் வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் உண்டு. நான் அந்த நிறுவனத்துக்காக வாதாடவில்லை. உரிமையுணர்வு வேண்டுமென்றால் உரிமையையே கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்பது நடக்காத காரியமில்லை என்று சொல்கிறேன்.

இனி என் கணக்கு. சில வருடங்களுக்கு முன், அப்போது வேலை செய்த இடத்தில், யாரும் கேட்காமலே லாக் கோப்புகளை அலசும் ஒரு கருவி எழுதினேன். ஐந்து மாதம், பெரும்பாலும் ராத்திரிகளில். மூன்று டீம்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. பிறகு அது ஒரு வாடிக்கையாளருக்குக் கட்டண மாட்யூலாகப் போனது. எனக்கு 'தொழில்முனைவுச் சிந்தனை' விருதும் பரிசுக் கூப்பனும் கிடைத்தன. கூப்பனில் மிக்ஸி வாங்கினோம், நன்றாக ஓடுகிறது. அந்த ஐந்து மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே கிடர் வர்ணிக்கும் ஆனந்தம் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அது உண்மை என்பதால்தான் அதைச் சம்பளத்துக்குப் பதிலாக வைக்கக்கூடாது என்கிறேன்.

உறுத்துவது வேறு. புதுமை வாரத்தில் புத்தகத்தை முதல் முறை படித்த சூட்டில், என் குழுவிலிருந்த இரண்டு ஃப்ரெஷர்களை இப்படி ஒரு கூடுதல் வேலையில் இறக்கினேன். ஆல்சிங் சொன்ன மாதிரியே, கஷ்டம், முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். இருவரும் உடனே தலையாட்டினார்கள். நான்கு மாதம் கழித்து ஒரு பையன் டீக்கடையில் கேட்டான்: "அண்ணா, இது முடிஞ்சா எங்களுக்கு என்ன?" அடுத்து இதைவிடப் பெரிய வேலை கிடைக்கும் என்றேன். சொல்லும்போதே அது யாருடைய வசனம் என்று தெரிந்தது. அவன் டீயைக் குடித்துவிட்டு, "சரிண்ணா" என்றான். அந்த 'சரி'க்குப் பிறகுதான் இரண்டாம் முறை பென்சிலை எடுத்தேன்.

இந்த வருடமும் புதுமை வாரம் வருகிறது, எங்கள் குழுவிலிருந்து ஒரு புதிய திட்டம் கேட்டிருக்கிறார்கள். ஆட்களைக் கேட்பதற்கு முன்பு மேலாளரிடம் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். வழக்கமான வேலையிலிருந்து வாரத்தில் எத்தனை மணி நேரம் கழிக்கப்படும்? பொருள் விற்றால் செய்தவர்களுக்கு என்ன, அது எழுத்தில் வருமா? தோற்றால் அப்ரைசலில் யார் பெயரில் விழும்? "நல்ல கேள்விகள், எச்.ஆர்.கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்று பதில் வந்தது. மூன்று வாரம் ஆகிறது. அவர் சொன்னபடி புத்தகத்தை அந்த இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.